அலர்ட் வேறு, வார்னிங் வேறு: கரையில் நாம் செய்யும் தவறுகள்

ஐப்பசி பிறந்ததிலிருந்து மார்கழி முடியும்வரை பாம்பன் பக்கம் அதிகம் அடிபடும் இங்கிலீஷ் வார்த்தைகள் இரண்டு: அலர்ட், வார்னிங். டீக்கடையில் கேட்கலாம், ஏலக்கூடத்தில் கேட்கலாம், போனில் வரும் செய்தியில் படிக்கலாம். இரண்டையும் ஒரே பொருளில்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மாமாவுக்குத் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், ஒரு வள்ளம் இருந்தது. அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. வானிலைச் செய்தி வந்தால் என்னிடம் போனை நீட்டுவார், நான் தமிழில் சொல்வேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகையில் 'சைக்ளோன் அலர்ட்' என்று வந்தது. "புயல் எச்சரிக்கை மாமா" என்றேன். மறுநாள் 'சைக்ளோன் வார்னிங்' என்று வந்தது. அன்றும் "புயல் எச்சரிக்கை மாமா" என்றேன். "அதான் நேத்தே சொல்லிட்டியே" என்று வலையைப் பிரிக்கப் போய்விட்டார். நேற்றைக்கும் இன்றைக்கும் செய்தி மாறியிருக்கிறது என்பதை நான் சொன்ன தமிழ் அவருக்குக் காட்டவே இல்லை. அன்று இரவு நங்கூரக் கயிறு அறுந்து வள்ளம் கல்லில் அடித்தது. பக்கப் பலகை இரண்டு பிளந்துபோனது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பலகைகளைப் பார்த்த பிறகுதான் இந்த இரண்டு சொற்களையும் ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன்.

இரண்டையும் 'எச்சரிக்கை' என்ற ஒரே சொல்லுக்குள் அடைப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். அலர்ட் என்பது 'வரலாம், விழித்திரு, ஆயத்தமாகு' என்கிற செய்தி. வார்னிங் என்பது 'வருகிறது, செய்ய வேண்டியதை இப்போதே செய்' என்கிற செய்தி. அலர்ட் என்ற சொல் பிரெஞ்சு வழியாக இத்தாலிய மொழியிலிருந்து இங்கிலீஷுக்குப் போனது. மேட்டில் நின்று காவல் பார்ப்பதுதான் அதன் மூலப் பொருள். மேட்டில் நிற்பவன் கண்ணுக்குத் தூரத்தில் ஏதோ தெரிகிறது, கீழே இருப்பவர்களுக்குக் குரல் கொடுக்கிறான். ஆபத்து இன்னும் வந்து சேரவில்லை. இதற்குத் தமிழில் நமக்குப் பழக்கமான ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது: உஷார். அதுவும் கடன் வாங்கிய சொல்தான் என்றாலும் எங்கள் கரையில் கைக்குழந்தைகூடப் புரிந்துகொள்ளும். அலர்ட் என்றால் உஷார், வார்னிங் என்றால் எச்சரிக்கை. இப்படிப் பிரித்துச் சொல்லிவிட்டாலே பாதிக் குழப்பம் போய்விடுகிறது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை புயலுக்கு நான்கு படிகளில் அறிவிப்பு கொடுக்கிறது. முதல் படி 'ப்ரீ சைக்ளோன் வாட்ச்', அதாவது கண்காணிப்பு. இது 72 மணி நேரம் முன்பே வரும். இரண்டாவது 'சைக்ளோன் அலர்ட்', குறைந்தது 48 மணி நேரம் முன்பு. மூன்றாவது 'சைக்ளோன் வார்னிங்', குறைந்தது 24 மணி நேரம் முன்பு. கரை கடந்த பிறகு உள்நாட்டில் என்ன நடக்கும் என்று சொல்லும் நான்காவது படி, கரை கடப்பதற்குக் குறைந்தது 12 மணி நேரம் முன்பு வரும். அலர்ட் வரும்போது புயல் எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் போகிறது, எந்தக் கரைக்குப் பாதிப்பு வரலாம் என்பதைச் சொல்வார்கள். எந்த இடத்தில் கரை கடக்கும் என்பதை வார்னிங் படியில்தான் கணித்துச் சொல்வார்கள். அந்தப் படிக்கு வந்துவிட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை புது அறிவிப்பு வரும்.

இங்கேதான் அடுத்த தவறு நடக்கிறது. 24 மணி நேரம் என்றதும் புயல் கரை கடக்க இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அந்த 48-ம் 24-ம் கரையில் மோசமான வானிலை தொடங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவது. புயலின் நடுப்பகுதி வந்து சேர்வதற்கு வெகு முன்னாலேயே காற்றும் மழையும் அலையும் வந்துவிடும். நடுப்பகுதி வரும் நேரத்தை வைத்து வள்ளத்தை மேலே ஏற்றத் திட்டம் போட்டால், ஏற்றும் நேரத்தில் கடலில் கால் வைக்க முடியாது. வலை, இன்ஜின், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் கரையேற்ற வேண்டிய நேரம் அலர்ட் நேரம். வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், நிற்கும் படகைப் பாம்பன் பாலத்துக்கு அடியில் கடத்தித் தென்கடலுக்குக் கொண்டுவர வேண்டுமா, இல்லை இங்கிருப்பதை அங்கே கொண்டுபோக வேண்டுமா என்று பேசி முடிக்க வேண்டியதும் அப்போதுதான். வார்னிங் வந்த பிறகு செய்ய வேண்டிய வேலை ஆட்களைக் காப்பது மட்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அலர்ட்டையே வார்னிங்காக எடுத்துக்கொண்டு, புயல் வராமல் போனால் "சும்மா பயம் காட்டுறாங்க" என்று அடுத்த முறை காதைப் பொத்திக்கொள்வது. 2020-ல் புரெவிப் புயல் டிசம்பர் 2 இரவு இலங்கையில் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. வந்தது, ராமநாதபுரம் கரைக்குப் பக்கத்திலேயே வலுவிழந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகி நகராமல் நின்றுவிட்டது. நாங்கள் பயந்த சூறைக்காற்று வரவில்லை. ஆனால் மழை டெல்டாவை மூழ்கடித்தது. அதை வைத்து அன்றைக்கு வந்த அறிவிப்பைப் பொய் என்று சொல்ல முடியுமா? 'வரலாம்' என்று சொன்னது வராமல் போனால் அது பொய் ஆகாது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடி அழிந்தபோது, பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயில் அத்தனை பேரோடும் கடலுக்குள் போனது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஓர் உஷாரைக் கேலி பேச எனக்கு மனசு வருவதில்லை.

அப்புறம் நிறங்கள். 'ரெட் அலர்ட்' என்று தொலைக்காட்சியில் சொல்லிச் சொல்லி அது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. ஆனால் மாவட்டவாரியாக வரும் மழை அறிவிப்பில் மஞ்சளுக்கு 'வாட்ச்', ஆரஞ்சுக்கு 'அலர்ட்', சிவப்புக்கு 'வார்னிங்' என்றுதான் வானிலைத் துறை எழுதுகிறது. மஞ்சள் என்றால் செய்தியைக் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. அந்தக் கணக்குப்படி அலர்ட் என்பது ஆரஞ்சின் சொல். 'ரெட் அலர்ட்' என்று சொல்லும்போது சிவப்பின் அவசரத்தை அந்தச் சொல் ஒரு படி கீழே இறக்கிவிடுகிறது. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். புயல் அறிவிப்பின் படிகளுக்குத் தனியாக நிறம் உண்டு. அங்கே அலர்ட்டுக்கு மஞ்சள், வார்னிங்குக்கு ஆரஞ்சு, கடைசிப் படிக்குச் சிவப்பு. ஆக, ஆரஞ்சு நிறம் மழை அறிவிப்பில் ஒன்றைச் சொல்கிறது, புயல் அறிவிப்பில் வேறொன்றைச் சொல்கிறது. அதனால் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். பக்கத்தில் என்ன சொல் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நிறம் மாறினாலும் சொற்களின் வரிசை மாறுவதில்லை: வாட்ச், அதற்கு மேல் அலர்ட், அதற்கும் மேல் வார்னிங். ஐதராபாத்தில் இருக்கும் சுனாமி எச்சரிக்கை மையத்திலிருந்து வரும் அறிவிப்பிலும் இதே வரிசைதான். அங்கே அலர்ட் என்றால் கடற்கரைப் பக்கம் போகாதே, வார்னிங் என்றால் வீட்டை விட்டு வெளியேறி மேடான இடத்துக்குப் போ.

துறைமுகக் கூண்டை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். பாம்பனில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றியதும் 'வார்னிங் வந்திருச்சு' என்பார்கள். ஒன்றாம் எண் சொல்வது தூரக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது என்பதைத்தான். இரண்டாம் எண், தூரத்தில் புயலே உருவாகிவிட்டது என்று சொல்லும். மூன்றும் நான்கும் இந்தத் துறைமுகத்துக்கே காற்றின் மிரட்டல் இருக்கிறது என்று சொல்லும். ஐந்து முதல் பத்து வரை அபாயமும் பேரபாயமும். பதினொன்று ஏற்றினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். கூண்டு முதலில் கப்பல்களுக்காக வந்த ஏற்பாடு, அதன் எண்ணும் நான்கு படி அறிவிப்பும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்தாது. எதையும் எதோடும் ஒட்டவைக்காமல் தனித்தனியாகப் படிப்பதே நல்லது.

சரி, புயலை விட்டுவிட்டு அன்றாட இங்கிலீஷுக்கு வருவோம். நம் பிள்ளைகள் பேசும்போதும் எழுதும்போதும் இதே இரண்டு சொற்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அலர்ட் என்பதை ஒருவரின் நிலையைச் சொல்லவும் பயன்படுத்தலாம்: 'பி அலர்ட்' என்றால் விழிப்பாக இரு. 'பி வார்னிங்' என்று இங்கிலீஷில் கிடையாது. சிலர் அலர்ட்டை 'அலாட்' என்று உச்சரிக்கிறார்கள். அது வேறு சொல், பங்கு பிரித்து ஒதுக்குவது என்று அதற்குப் பொருள். வங்கியிலிருந்து பணம் எடுத்ததும் வரும் குறுஞ்செய்தி அலர்ட்தான், அதில் ஆபத்து எதுவும் இல்லை, கவனத்துக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். பீடி, சிகரெட் பாக்கெட்டில் இருப்பது வார்னிங். அதை அலர்ட் என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் கெடுதல் 'வரலாம்' என்ற நிலையைத் தாண்டி நிச்சயம் ஆகிவிட்டது.

'வார்ன்' என்ற வினைக்கு இன்னொரு முகமும் உண்டு, அது மிரட்டல். 'ஐ யாம் வார்னிங் யூ' என்று சொன்னால் கேட்பவர் காதில் 'ஜாக்கிரதை, மீறினால் பார்த்துக்கொள்கிறேன்' என்றுதான் விழும். ஒரு மாணவன் தலைமை ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தில், விடுதிப் பக்கம் மின்கம்பி தொங்குவதைச் சொல்ல இந்த வாக்கியத்தை எழுதியிருந்தான். பாவம், நல்ல எண்ணத்தோடு எழுதியது. அங்கே 'அலர்ட்' போட்டிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். வேலை செய்யும் இடத்தில் 'வார்னிங்' வாங்குவது என்றால் தவறு செய்தவர் வாங்குவது. 'அலர்ட்' வாங்குவதில் யார்மீதும் குற்றம் இல்லை.

மூன்றாவதாக ஒரு சொல்லையும் சொல்லியாக வேண்டும், அதுதான் ஆளையே கடலுக்குள் அனுப்பிவிடுகிறது. அறிவிப்பின் கடைசி வரியில் 'ஃபிஷர்மென் ஆர் அட்வைஸ்டு நாட் டு வென்ச்சர்' என்று இருக்கும், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று பொருள். 'அட்வைஸ்தானே, கேட்டாலும் கேட்கலாம், விட்டாலும் விடலாம்' என்று நினைப்பது பெரிய தவறு. அரசு அறிவிப்பில் அந்தச் சொல்லுக்கு அறிவுறுத்தல் என்ற கனம் உண்டு. காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 வரை என்ற வரி பெரும்பாலும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும். மணிக்கு 62 கிலோமீட்டர் நிலையாக வீசினால் அதற்குப் பெயரே புயல். வீட்டுக்குள் இருந்து வாசிக்கும்போது 65 சின்ன எண்ணாகத் தெரிகிறது. நாட்டுப்படகில் நின்று பார்த்தவர்களுக்கு அது என்ன எண் என்று தெரியும்.

இப்போது எங்கள் படகுத்துறையில் செய்தி வந்தால் நான் அதைத் தமிழில் எழுதி மாதா கோவில் மைக்கில் வாசிக்கக் கொடுக்கிறேன். அலர்ட் வந்த அன்று 'உஷார்' என்று எழுதுகிறேன், என்னென்ன பொருளைக் கரையேற்ற வேண்டும் என்று சேர்க்கிறேன். வார்னிங் வந்த அன்றுதான் 'எச்சரிக்கை' என்ற சொல்லைத் தொடுகிறேன். போன கார்த்திகையில் மைக் சத்தம் கேட்டு மாமா வாசலுக்கு வந்து, "இது முதல் சொல்லா, ரெண்டாவது சொல்லா?" என்று கேட்டார். "முதல் சொல் மாமா" என்றேன். வள்ளத்து இன்ஜினைக் கழற்ற இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.