ஷாம்பு அப்புறம், தொட்டுப் பழக்குறது மொதல்ல: நாய்க்குட்டி புதுசா வாங்கினவங்களுக்கு

குட்டி வந்த அன்னிக்கே ஷாம்பு, சீப்பு, நகவெட்டின்னு ஒரு பை நிறைய வாங்கிடுறோம், ஆனா பாதத்தைத் தொட்டாலே அது கையைக் கவ்வுது. அதனால கொஞ்ச நாளைக்கு அந்தப் பையைத் திறக்காதீங்க. தெருவுல இருந்து எடுத்த குட்டின்னா நேரா வெட் (கால்நடை டாக்டர்) கிட்ட போய் ரேபிஸ் (வெறிநாய் நோய்) தடுப்பூசி போட்டுடுங்க, 2015ல பினாங்குல அது வந்தது ஞாபகம் இருக்கும்ல.

படி 1: தொட விடுறது
சாப்பாட்டுக்கு முன்னாடி, அது பசியா இருக்கிறப்போ, வெறும் தண்ணியில வேக வச்ச கோழியை எலும்பில்லாம சின்னச் சின்னதா பிச்சு வச்சுக்கோங்க (கறிக்குழம்புத் துண்டு வேணாம், வெங்காயம் நாய்க்கு விஷம்). காதைத் தொடுங்க, உடனே ஒரு துண்டு, பாதத்தைப் பிடிங்க, ஒரு துண்டு, அப்புறம் விரல் இடுக்கு, வாய், வால்னு போங்க. இழுத்துக்கிச்சுன்னா விட்டுடுங்க, திட்டாதீங்க. ரெண்டு நிமிஷம் போதும்.

படி 2: உக்கார வைக்கிறது
கோழித் துண்டை மூக்குக்கு நேரா பிடிச்சு மெதுவா தலைக்கு மேல பின்பக்கமா கொண்டு போனா தலை நிமிரும், பின்புறம் தானா தரையில உக்காந்துடும், அந்த செகண்ட்லயே கொடுத்துடணும். அம்மா 'உக்காரு', தம்பி 'சிட்', பக்கத்து வீட்டு ஆன்ட்டி மலாய்ல 'டுடோக்'னு ஆளுக்கு ஒண்ணு சொல்லாம வீட்ல ஒரே வார்த்தையா வச்சுக்கோங்க.

படி 3: குளியல்
காலையிலயே குளிப்பாட்டுங்க, ராத்திரி வேணாம். மொதல்ல சீப்பு போடுங்க, சிக்கு நனைஞ்சா இன்னும் இறுகிடும். காலு வழுக்காம கீழ ஒரு ரப்பர் மேட். நம்ம ஷாம்பு அதோட தோலுக்கு ஒத்துவராது, நாய் ஷாம்பு தான். கழுத்துல ஆரம்பிச்சு கீழ வாங்க, முகத்தை கடைசியா ஈரத்துணியால துடைச்சா போதும். நோய் எதுவும் இல்லாத நாய்க்கு மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை போதும்.

உண்மையான வேலை துவட்டுறது தான். நம்ம ஊரு புழுக்கத்துல முடி தானா காய்ஞ்சிடும்னு விட்டா அடிமுடி ஈரமாவே இருக்கும், ரெண்டு நாள்ல ஒரு புளிச்ச வாடை, அப்புறம் சொறி. டவலால ஒத்தி எடுத்துட்டு அக்குள், காது மடிப்பு, விரல் இடுக்குக்கு டிரையரை சூடில்லாம காட்டுங்க, சத்தத்துக்கு பயந்தா படி 1 மாதிரியே கோழி கொடுத்துப் பழக்குங்க.

படி 4: உண்ணி பாக்குறது
தினமும், முக்கியமா வாக்கிங் போய்ட்டு வந்ததும். காது மடிப்புக்குள்ள மிளகு மாதிரி ஒண்ணு கையில தட்டுப்படும், ரத்தம் குடிச்சதுன்னா சாம்பல் நிறத்துல உப்பிப் போயிருக்கும். ட்வீசரால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க, நசுக்காதீங்க, எண்ணெய், நெருப்பு எதுவும் வேணாம், எடுத்ததை ஸ்பிரிட்ல போட்டுடுங்க. உண்ணி சுவத்து விரிசல்லயும் முட்டை போடும், அதனால நாய் படுக்குற மூலையையும் சேர்த்து சுத்தம் பண்ணணும். சாப்பிடாம சுருண்டு படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்குல ரத்தம் வந்தாலோ உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம், அன்னிக்கே வெட் கிட்ட போங்க. உண்ணி மருந்தையும் எடைக்கு ஏத்த மாதிரி அவங்களையே கேட்டு வாங்குங்க.

படி 5: நகம்
வெள்ளை நகத்துல உள்ள ரத்த நரம்பு இளஞ்சிவப்பா தெரியும், கறுப்புல தெரியாது, அதனால நுனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா. ரத்தம் வந்தா சோளமாவு வச்சு அழுத்திப் பிடிங்க. ஒரே நாள்ல எல்லா நகமும் வெட்டணும்னு இல்ல, இன்னிக்கு ஒரு காலு, நாளைக்கு இன்னொண்ணு.