வேறு நாட்டு ஆங்கில வகுப்போடு நம் பிள்ளைகளை ஒப்பிடும்போது செய்யும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கில டியூசன் எடுக்கிறேன். பெற்றோர் வந்து உட்கார்ந்தால் ஒரு பேச்சு தவறாமல் வரும்: "பின்லாந்துல எப்படிச் சொல்லித் தர்றாங்க பாருங்க, டீச்சர்." பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் எதை எதோடு வைத்துப் பார்க்கிறோம் என்பதில்தான் தவறிவிடுகிறோம்.

முதலில் சிங்கப்பூர். ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் பிள்ளைகள் சரளமாகப் பேசுகிறார்களே என்று ஏங்குகிறோம். அங்கே ஆங்கிலம் வெறும் பாடம் இல்லை. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் கணக்கும் அறிவியலும் அந்த மொழியில்தான் நடக்கின்றன. தமிழ்ப்பள்ளியில் வாரத்துக்குச் சில மணி நேரம் ஆங்கிலம் படிக்கும் பிள்ளையை அதோடு நிறுத்துப் பார்ப்பது அநியாயம்.

அடுத்து, சீக்கிரம் தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. பின்லாந்தில் இன்று நன்றாக ஆங்கிலம் பேசும் பெரியவர்களில் பலர் மூன்றாம் வகுப்பில், ஒன்பது வயதில் தொடங்கியவர்கள். முதல் வகுப்பிலேயே அந்நிய மொழி கட்டாயமானது 2020-இல்தான். தென்கொரியாவிலும் 1997 முதல் மூன்றாம் வகுப்பில்தான் தொடக்கம். நாமோ முதலாம் ஆண்டிலேயே தொடங்குகிறோம். தொடங்கும் வயதைவிட வேறொன்றைக் கவனியுங்கள்: பின்லாந்தில் பெரியவர்கள் பார்க்கும் ஆங்கிலப் படங்களுக்குக் குரல் மாற்றுவதில்லை. கீழே எழுத்து ஓடும், காதில் ஆங்கிலம் விழும். நம் டிவியிலும் ஆங்கிலப் படத்துக்கு மலாய் எழுத்து ஓடத்தான் செய்கிறது. மாலையில் தமிழ் நாடகத்தில் அரை மணி நேரத்தைக் குறைத்து அதைப் போட்டுவிடுங்கள் என்று பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

தரவரிசைப் பட்டியலையும் அப்படியே நம்ப வேண்டாம். நாடுகளை ஆங்கிலத் திறன்படி வரிசைப்படுத்தும் இ.எப். (EF) நிறுவனத்தின் பட்டியல், இணையத்தில் தாமாக முன்வந்து தேர்வு எழுதுகிறவர்களை வைத்துப் போடுவது. தோட்டத்து ஆறாம் ஆண்டு மாணவனைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

பெரிய தவறு என்று நான் நினைப்பது, பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த மொழிகளை மறந்துவிடுவதுதான். கொரியப் பிள்ளை ரோமன் எழுத்தை ஆங்கிலத்துக்காகப் படிக்கிறது. நம் பிள்ளைக்கு அதே எழுத்து மலாய்க்கும் வேண்டும். மலாயில் 'சி' எழுத்துக்கு 'ச்' ஒலி, 'யு' எழுத்துக்கு 'உ' ஒலி. அதனால் பூனைக்கான ஆங்கிலச் சொல் (cat) 'சாட்' ஆகிறது, 'பட்' (but) என்பது 'புட்' ஆகிறது. எழுத்துகூடத் தெரியவில்லை என்று திட்டுகிறார்கள். தெரியாமல் இல்லை, மலாய் முறைப்படி மிகச் சரியாக வாசிக்கிறது! கழுவுவதற்கான மலாய்ச் சொல் 'சுச்சி'யையும் (cuci) ஆங்கிலக் 'கப்'பையும் (cup) பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன். இரண்டுக்கும் முதல் இரண்டு எழுத்து ஒன்றுதான். பிள்ளைகளே வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வினைச்சொல்லும் இப்படித்தான். மலாயில் நேற்றும் 'பெர்கி', நாளையும் 'பெர்கி'. அந்தப் பழக்கத்தில் 'ஐ கோ எஸ்டர்டே' என்று எழுதுகிற பிள்ளையிடம், தமிழில் சொல் என்று கேளுங்கள். யோசிக்காமல் "நேத்து போனேன்" என்று வரும். அந்தப் 'போனேன்'தான் 'வென்ட்' என்று அப்போதே காட்டிவிடலாம். 2018-இல் சி.இ.எப்.ஆர். என்ற ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலோடு முதலாம் ஆண்டுக்கு வந்த பிரிட்டன் பதிப்பகத்துப் பாடநூல், தமிழும் மலாயும் தெரிந்த பிள்ளையை மனதில் வைத்து எழுதியது இல்லை. அந்த வேலை வகுப்பில் நிற்கிற நம்முடையது.