கிராபிக்ஸ் கார்டு: பெட்டியில் இருக்கும் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள்

போன டிசம்பர் விடுமுறையில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி, வார இறுதிகளில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி வைத்திருந்தான். "அண்ணா, கேம் திக்கித் திக்கி ஓடுது, பாருங்க" என்றான்.

கார்டில் பழுது எதுவும் இல்லை. அதை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ வழி 4 லேன், அதாவது நாலு பாதைதான். பிசிஐஇ 4.0 தலைமுறை மதர்போர்டில் போட்டால் சமாளித்துவிடும். அவனுடையது பழைய 3.0 போர்டு, அதனால் வழி பாதியாகக் குறுகிவிட்டது. கார்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் மீதியெல்லாம் அந்தக் குறுகிய வழியாகத்தான் ராமிலிருந்து வந்து போக வேண்டும். விற்றவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அன்று முழுக்க மனசு கேட்கவில்லை.

பெயர் ஒன்றாக இருக்கும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும். பட்ஜெட் கார்டுகளில் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். ஆர்டிஎக்ஸ் 3050 என்றால் எது? 2022இல் வந்த 8 ஜிபி கார்டில் 2560 கூடா கோர்கள் (கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள்), 128 பிட் நினைவகப் பாதை. 2024இல் அதே பெயரில் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர்கள், 96 பிட்தான். ஆர்எக்ஸ் 580 என்று மலிவாக விற்பதில் '2048எஸ்பி' என்று சின்ன எழுத்தில் இருந்தால், அது கிட்டத்தட்ட அதற்குக் கீழ்ப்படியில் உள்ள ஆர்எக்ஸ் 570தான். பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

அதற்காக அந்த 6 ஜிபி 3050ஐ ஒதுக்கிவிடவும் வேண்டாம். 70 வாட் போதும் அதற்கு, தனி மின் கேபிள் தேவையில்லை. ஆபீஸிலிருந்து கழித்த பழைய கம்ப்யூட்டர், வீட்டில் சின்ன இன்வெர்ட்டர் என்றால் அதுதான் பொருத்தம். ஆர்எக்ஸ் 6600 அதைவிட நன்றாகவே வேகம், ஆனால் 132 வாட், 8 பின் கேபிளும் வேண்டும். 2023இல் லோட் ஷெட்டிங் (முறை வைத்துச் செய்த மின்வெட்டு) நம்மைப் படுத்திய பாடு மறக்காது. கரண்ட் திரும்பி வரும் நொடியில் வரும் அதிர்ச்சி தரமில்லாத பவர் சப்ளையை அடித்தால், கூடவே கார்டும் போகலாம். கார்டில் கொஞ்சம் இறங்கி வந்தாவது நல்ல பவர் சப்ளை வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அப்புறம், பழைய கார்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் (கிராபிக்ஸ் கார்டை ஓட்டி டிஜிட்டல் நாணயம் சம்பாதிப்பது) நின்றதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாக விற்பனைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒன்றை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். ஃபேனில் கரகரப்பு கேட்கிறதா, திரையில் புள்ளிகள் தெறிக்கின்றனவா என்று கவனியுங்கள். டர்பனில் இன்னொன்றும் உண்டு: கடல் காற்று. கார்டை வெளிச்சத்தில் திருப்பி, திருகுகளிலும் எச்டிஎம்ஐ வாயிலும் துரு ஏறியிருக்கிறதா பாருங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் போலிப் பெயர் எழுதிய பல கார்டுகளையும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

கடையில் வாங்கினால் நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு. தனி ஆளிடம் வாங்கினால் அது கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 15% மதிப்புக் கூட்டு வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1080பி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்துக்கொண்டு 4கே கார்டு தேடுவதும் பணத்துக்குக் கேடு. சிபியு பழையதாக இருந்தால் பெரிய கார்டு போட்டாலும் பலன் முழுதாக வராது.

தம்பியின் கார்டைத் திருப்பிக் கொடுத்து, பணம் கொஞ்சம் போட்டு 6600 வாங்கினோம். மாட்டிய அன்றே போன் செய்தான்: "அண்ணா, இன்னும் அப்படியேதான் இருக்கு." மானிட்டர் கேபிளை எங்கே சொருகியிருக்கிறாய் என்று கேட்டேன். மதர்போர்டில் சொருகியிருந்தான். கார்டுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.