அப்பாவின் பத்மினியை எழுப்புவது எப்படி

அப்பா போனபின் வருஷக்கணக்காக ஷெட்டில் நிற்கும் பிரீமியர் பத்மினி காரைப் பார்த்தால், புது பேட்டரி போட்டு உடனே செல்ஃப் அடிக்கத்தான் கை பரபரக்கும். அடிக்காதீர்கள். சிலிண்டர் சுவரில் துருவேறி பிஸ்டன் ரிங் ஒட்டியிருந்தால், அந்த முதல் சுற்றிலேயே ரிங் உடைந்து சுவரில் கோடு விழும்.

ஸ்பேனருக்கு முன் நோட்டும் பேனாவும் வேண்டும். இன்ஜின் மேல் உயிராக இருந்தவர் தன் காரைக் காதால்தான் டியூன் செய்திருப்பார். அந்தக் காது இன்னும் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் கார்பரேட்டரின் மிக்ஸ்சர் ஸ்க்ரூ. அதை மெதுவாக உள்ளே திருகி, போய் உட்காரும்வரை எத்தனை சுற்று என்று கால் சுற்றுக் கணக்கோடு எழுதிக்கொள்ளுங்கள். இறுக்கினால் ஊசிமுனை கெட்டுவிடும். இன்னொன்று, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் நிற்கும் கோணம். அதைத் தளர்த்துவதற்கு முன் அதன் அடியையும் இன்ஜின் பிளாக்கையும் சேர்த்து ஒரு கோடு கீறுங்கள். முதலில் அந்த இடத்தின் எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அப்பாவே கீறிவைத்த கோடு அங்கே இருக்கலாம்.

நான்கு பிளக் வயரிலும் எண் ஒட்டிவிட்டு (ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2) பிளக்குகளைக் கழற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் சமதரையில் டாப் கியர் போட்டு, ஹேண்ட்பிரேக்கை எடுத்து, காரைக் கையால் மெல்லத் தள்ளுங்கள். இன்ஜின் சுற்றவில்லையா? முரட்டுத்தனம் வேண்டாம். டீசலும் ஆயிலும் சமமாகக் கலந்து விட்டு மூன்று நாள் பொறுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஹெட்டைத் திறக்க வேண்டியதுதான்.

சுற்றினால் ராக்கர் கவரைக் கழற்றி, எட்டு வால்வும் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஒட்டிய வால்வு புஷ்ராடை வளைத்துவிடும். பழைய ஆயிலை வடித்து 20W-40 ஊற்றுங்கள். பிளக் இல்லாமலே பத்துப் பத்து விநாடியாகச் செல்ஃப் அடித்து, ஆயில் விளக்கு அணையும்வரை காத்திருங்கள். பேரிங்குக்கு எண்ணெய் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும், வடித்துவிடுங்கள். முதல் ஓட்டத்துக்கு பம்ப் ஹோஸைப் புது பெட்ரோல் உள்ள ஒரு லிட்டர் கேனில் விட்டால் போதும். தீயணைப்பான் கையெட்டும் தூரத்திலும், ஷெட் கதவு முழுக்கத் திறந்தும் இருக்கட்டும். கார்பரேட்டரில் பெட்ரோல் போகும் சிறு ஓட்டைகளான ஜெட்டுகளைக் கிளீனர் ஸ்பிரேயால் ஊதுங்கள். கம்பி விட்டால் ஓட்டை பெரிதாகி வண்டி பெட்ரோலைக் குடிக்கும். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால் பழைய ரப்பர் ஹோஸ்கள் ஊறிக் கசியும். எத்தனால் தாங்கும் ஹோஸாக எல்லாவற்றையும் மாற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டை மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, 0.4 மி.மீ. அளவில் இடைவெளி வையுங்கள்.

இன்ஜின் ஓடிய சந்தோஷத்தில் பிரேக்கை மறந்து தெருவில் இறக்கிவிடாதீர்கள். பிரேக் ஆயில் ஈரம் உறிஞ்சி வீல் சிலிண்டர்களை ஜாம் ஆக்கியிருக்கும். நான்கு வீலுக்கும் புது கிட் போட்டு, மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான வீலிலிருந்து பிளீடிங் செய்து, லைனிலுள்ள காற்றை வெளியேற்றுங்கள். டயரில் 2314 என்று இருந்தால் அது 2014-ன் 23-வது வாரத்தில் செய்தது. ட்ரெட் இருந்தாலும் கழற்றுங்கள்.

ஆர்.சி.யை வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி.

பெயின்ட் அவசரமில்லை. ஸ்டீயரிங்கில் அப்பாவின் கைபட்டு வழவழத்த இடமும், டேஷ்போர்டில் குஷியில் ஒட்டிய ஸ்டிக்கரும் ஒருமுறை போனால் திரும்பாது.

இன்ஜின் சூடானதும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை நோட்டிலுள்ள சுற்றுக்கே கொண்டுவாருங்கள். மறுநாள் காலை, இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது, போனை சைலன்சருக்கு ஒரு மீட்டர் தள்ளி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து, ஐடிலிங் சீராகும்வரை பதிவு செய்யுங்கள். அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து, தெருமுனையில் அப்பா அடிக்கும் அதே தாளத்தில் ஹாரனை அடியுங்கள்.