லியோன் ரஸ்ஸலின் 1971ஆம் ஆண்டு ஆல்பத்தைக் கேட்கும் முறை

‘லியோன் ரஸ்ஸல் அண்ட் தி ஷெல்டர் பீப்பிள்’ ஆல்பத்தை முதல் முறை கேட்பவர், கைப்பேசி ஒலிபெருக்கியைத் தவிர்த்து நல்ல ஹெட்ஃபோனுடன், பாடல்களின் வரிசையை மாற்றாமல் கேட்க வேண்டும். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பிறந்த பாடகரும் பியானோ கலைஞருமான ரஸ்ஸலின் இசையில் பியானோவே முதுகெலும்பு. கிட்டார் பெரும்பாலும் அதற்குத் துணைதான்.

முதல் பாடலான ‘ஸ்ட்ரேஞ்சர் இன் எ ஸ்ட்ரேஞ்ச் லேண்ட்’டை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை பியானோவை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை, தேவாலயத்தில் போதகரின் அழைப்புக்குச் சபையார் மறுமொழி கூறுவதைப் போல, அவரது கரகரத்த குரலுக்குப் பின்னணிக் குரல்கள் எங்கெங்கே பதிலளிக்கின்றன என்பதைக் கவனியுங்கள். மூன்றாம் முறை டிரம்ஸைக் கேளுங்கள். அத்தலைப்பு விவிலியத்தின் யாத்திராகமத்தில் மோசே கூறும் ‘அந்நிய தேசத்தில் பரதேசியானேன்’ என்ற சொற்களின் ஆங்கில வடிவமே.

கீபோர்டு வாசிக்கத் தெரிந்தவர்கள் எஃப் மேஜரிலிருந்து சி மேஜருக்கு மெதுவாக இறங்கிப் பார்க்கலாம். ஆராதனைப் பாடலின் இறுதியில் ‘ஆமென்’ பாடப்படும் அந்த நகர்வு விரல்களில் படிந்துவிட்டால், காஸ்பல் எனப்படும் அமெரிக்கத் தேவாலய இசையின் சாயல் எங்கே தொடங்குகிறது என்பதைக் காது தானே பிடித்துக்கொள்ளும்.

அடுத்து, அலபாமாவின் மசில் ஷோல்ஸ் இசைக்கலைஞர்கள் வாசித்த பாடல்களையும் ஓக்லஹோமாவின் டல்சா நகரக் குழுவினருடையவற்றையும் ஒப்பிடுங்கள். பாப் டிலனின் பாடல்களை ரஸ்ஸல் பாடியிருப்பவற்றை, என்னைக் கேட்டால், கடைசியில் வைத்துக்கொள்ளலாம். மூலப்பாடல்களின் நினைவு குறுக்கிட்டுக்கொண்டே இருக்கும்.