புறநகரில் திருச்சபை தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வந்து, தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் என்று வாடகை கட்டுப்படியாகும் இடத்தில் குடியேறும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஆலயம் கண்ணில் படாமல் போகாது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு வந்தது. மறு ஆண்டே உலக மிஷனெரி மாநாடு அதன் வளாகத்தில் கூடியது. பெந்தெகொஸ்தே மிஷனின் தலைமையகம் பக்கத்து இரும்புலியூரில் இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்கம், லுத்தரன், இ.சி.ஐ. (இந்திய சுவிசேஷத் திருச்சபை), ஏ.ஜி. (அசெம்பிளிஸ் ஆஃப் காட்), மாடிக் கூடத்தில் நடக்கும் தனிச்சபை என்று ஒரே சாலையில் நான்கைந்து பெயர்ப்பலகைகளைப் பார்த்துவிடலாம். ஆனால், ஒரு ஞாயிறு நாம் வராவிட்டால் மறுநாள் போன் செய்து விசாரிக்கும் ஆட்கள் கிடைப்பதற்குப் பலருக்கு ஐந்து, பத்து ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. அந்தத் தாமதத்துக்குக் காரணமான தவறுகளில் பெரும்பாலானவற்றை நானும் செய்திருக்கிறேன் என்பதால், கண்டிக்கும் உரிமை எனக்கில்லை.

முதல் தவறு, பண்டிகை நாளில் போய்ப் பார்த்து முடிவெடுப்பது. கிறிஸ்துமஸ் ஆராதனையிலும் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையிலும் எல்லாச் சபைகளும் அழகாகத்தான் இருக்கும். பாடகர் குழு மூன்று மாதம் ஒத்திகை பார்த்திருக்கும், வாசலில் நிற்பவர்கள் எல்லோரிடமும் கைகுலுக்குவார்கள். பள்ளிகள் திறந்து வீட்டுச் செலவு கழுத்தை நெரிக்கும் ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், மழை வேறு பெய்துகொண்டிருக்கும்போது, எத்தனை பேர் வருகிறார்கள், ஆராதனை முடிந்தபின் எத்தனை பேர் நின்று பேசுகிறார்கள் என்று பார்த்தால் சபையின் இயல்பு தெரியும். தொடர்ந்து நான்கு ஞாயிறு ஒரே இடத்துக்குப் போவது, நான்கு இடங்களுக்கு ஒவ்வொரு ஞாயிறு போவதைவிட அதிகம் சொல்லித்தரும்.

பாட்டும் பிரசங்கமும் பிடித்திருக்கின்றன என்பதற்காக, அந்தச் சபை என்ன போதிக்கிறது என்று கேளாமல் ஓராண்டு போய்வருவது அடுத்த தவறு. தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கின்றன. பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட், சகோதரர் சபைகளிலோ குழந்தையைப் பிரதிஷ்டை செய்து, அதாவது கடவுளுக்கு ஒப்புக்கொடுத்து, ஜெபிப்பதோடு சரி; விவரம் தெரிந்து விசுவாசத்தை அறிக்கையிட்டவருக்கே முழுக்கு ஞானஸ்நானம். எது சரி என்பது இங்கே பேச்சில்லை. ஆனால், குழந்தையில் ஞானஸ்நானம் பெற்று, வளர்ந்தபின் அந்த விசுவாசத்தைத் தாமே உறுதிசெய்யும் திடப்படுத்தலையும் ஊரில் பெற்று இருபது ஆண்டுகள் திருவிருந்தில் பங்குகொண்டவரிடம், ஓராண்டு கழித்து, "நீங்கள் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லையே" என்று சொல்லப்படும்போது அந்த வீட்டில் பெரும் மனக்கசப்பு உண்டாகிறது. கணவன் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன். பல பெந்தெகொஸ்தே சபைகளில் நகை அணிவதில்லை என்பது போன்ற ஒழுங்குகளும் இப்படித்தான், தாமதமாகத் தெரியவந்தால் உறுத்தும். முதல் மாதத்திலேயே போதகரைச் சந்தித்து நேராகக் கேட்டுவிடலாம். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை, கோபித்துக்கொண்டால் அதுவே பதில்.

கத்தோலிக்கருக்கு இந்தத் தேடல் வேறு மாதிரி. அங்கே பங்கு என்பது எல்லை வகுத்த நிலப்பகுதி. எந்தத் தெருவில் குடியிருக்கிறோமோ அந்தத் தெரு அடங்கிய பங்கே நம் பங்கு. மூன்று மாதமாவது தங்கும் எண்ணத்தோடு ஓரிடத்தில் குடியேறியவருக்கே அங்குள்ள பங்குத்தந்தை உரியவராகிவிடுகிறார் என்பது திருச்சபைச் சட்டம். செங்கல்பட்டு மறைமாவட்டம் 2002-இல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டதால், நகரிலிருந்து புறநகருக்கு மாறியவர்களுக்குச் சில சமயம் பங்கு மட்டுமன்றி மறைமாவட்டமே மாறியிருக்கும். இதை அறியாமல் வாரந்தோறும் வெவ்வேறு திருத்தலத்தில் திருப்பலி கண்டு, சொந்தப் பங்கின் அன்பியக் கூட்டத்துக்கு ஒருமுறைகூடப் போகாதவர்கள் நிறைய. இருபது முப்பது குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடும் அன்பியத்தில்தான் அண்டை வீட்டுக்காரரின் பெயர் தெரியவரும். ஆயிரம் பேர் கூடும் ஞாயிறு திருப்பலியில் தெரியவராது.

இனி, எல்லாவற்றிலும் பெரிய தவறு. "பேர் ஊர்க் கோயிலில் இருக்கிறது, இங்கே சும்மா போய்வருகிறோம்" என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பது. (நெல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு அது கோயில்தான், சென்னையில் சர்ச் என்று திருத்துவார்கள்.) ஊரில் சபையார் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகைக்குப் போய்வருவதும், கட்டட நிதிக்குப் பணம் அனுப்புவதும் நல்லவையே. ஆனால் குடியிருக்கும் இடத்தில் சபைப் பதிவேட்டில் பெயர் இல்லாத குடும்பம், அந்தச் சபையைப் பொறுத்தவரை விருந்தாளிக் குடும்பம். நான் பதினான்கு மாதங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறப்படும்போதே வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, நெரிசலுக்கு முன் வெளியேறிவிடுவேன். என் தந்தை காலமான வாரத்தில் இந்தச் சபையின் ஆயருக்கு என் பெயரே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. குற்றம் முழுக்க என்னுடையது.

இறப்பு வீட்டில்தான் இந்த விஷயம் கடுமையாக வெளிப்படும். புறநகரில் கல்லறைத் தோட்டத்துக்கு இடம் அரிது. சொந்தக் கல்லறைத் தோட்டம் உள்ள சபைகளும் பொதுவாகத் தங்கள் பதிவேட்டில் உள்ள, சந்தா செலுத்திவரும் குடும்பங்களுக்கே முன்னுரிமை தருகின்றன. வாடகைக் கூடத்தில் நடக்கும் சபைகள் பலவற்றுக்குத் தனியாகக் கல்லறை நிலமே கிடையாது. நள்ளிரவில் மருத்துவமனையிலிருந்து உடலை வாங்கிக்கொண்டு, அடக்கம் எங்கே என்று தெரியாமல் ஒவ்வோர் அலுவலகமாக அலையும் நிலை யாருக்கும் வரக்கூடாது. சபையில் சேரும்போதே, "அடக்கம் எங்கே செய்வீர்கள்?" என்று கேட்பது அபசகுனமாகத் தோன்றலாம், கேட்டுவிடுங்கள்.

திருமணமும் அப்படியே. ஓலை, அதாவது ஆலயத்தில் முன்கூட்டியே சொல்லப்படும் திருமண அறிவிப்பு, வாசிக்கப்பட வேண்டுமானால் மணமக்கள் இருவரும் ஏதேனும் ஒரு சபையைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும்; ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் சான்று, சபைக் கடிதம் ஆகியவை கேட்கப்படும். கத்தோலிக்கத்தில் பழைய திருமுழுக்குச் சான்று போதாது, அண்மையில் வழங்கப்பட்ட நகல் வேண்டும். இவற்றைத் தேதி குறித்தபின் தேடத் தொடங்கினால், ஊருக்கு ரயில் ஏறி இறங்குவதிலேயே ஒரு மாதம் ஓடிவிடும். தனிச்சபைகளில் திருமணம் செய்ய எண்ணுவோர் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பிஷப்பால் குருப்பட்டம் பெற்றவர்கள் போன்ற சிலர் நீங்கலாக, மற்றப் போதகர்கள் திருமணம் நடத்த அரசு உரிமம் பெற்றிருக்க வேண்டும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விட்டால், பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் திருமணச் சான்று கேட்கப்படும்போது சிக்கல் எழும்.

ஆகவே, தங்கப்போவது உறுதியானதும் ஊர்ச் சபையின் குருவானவரிடம் மாறுதல் கடிதம் வாங்கி இங்கே கொடுத்துச் சேர்ந்துவிட வேண்டும்.

பணத்தைப் பற்றிக் கேட்கத் தயங்குவதும் தவறே. சந்தாவோ காணிக்கையோ தசமபாகமோ, எதுவானாலும் ரசீது தரப்படுகிறதா, ஆண்டுக் கணக்கு சபையார் முன் வாசிக்கப்படுகிறதா, வங்கிக் கணக்கு சபையின் பெயரில் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகள் போதும். தென்னிந்தியத் திருச்சபையில் கமிட்டித் தேர்தல் நேரத்துச் சண்டைகளைப் பார்த்துச் சிலர் வெறுத்துப்போகிறார்கள். சண்டை அசிங்கமானதுதான், ஆனாலும் கணக்குக் கேட்க ஒரு பொதுக்கூட்டமாவது அங்கே இருக்கிறது. புதிதாக வந்தவர் முதல் இரண்டு ஆண்டுகள் எந்த அணியிலும் சேராமல் இருப்பது உசிதம். இதைவிட முக்கியம், மருந்து சாப்பிடாதே என்றோ, உறவினரோடு பேசாதே என்றோ, பிள்ளைக்கு வரன் நானே முடிவு செய்வேன் என்றோ ஒரு தலைவர் சொன்னால், பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே தங்கக்கூடாது.

சொல்லக் கூச்சப்பட்டாலும் சொல்லவேண்டிய ஒன்று: "நம்ம ஆட்கள்" கூடும் சபை எது என்று விசாரிப்பது. ஊர்ப் பேச்சு கேட்கும் ஆசையாக இருந்தால் அதில் பிழையில்லை. ஆனால் அந்தச் சொல் பல சமயம் சாதியைத்தான் குறிக்கிறது; நம் சபைகளுக்குள் சாதி தனி இருக்கை, தனிக் கல்லறை வரை போயிருக்கிறது. புறநகரில் நமக்குப் பக்கத்து வீடு யாருடையது என்று பாராமல் வாழ்ந்துவிட்டு, ஞாயிறு மட்டும் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டி நம்மவரைத் தேடிப் போவது, பக்கத்துத் தெருச் சபையை இழப்பதற்கான எளிய வழி. தொலைவு அதிகமானால் வாரநாள் ஜெபக்கூட்டத்துக்கும் பெண்கள் ஐக்கியத்துக்கும் யாரும் போவதில்லை. பிள்ளைகளின் ஓய்வுநாள் பள்ளியும் மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியும் முதலில் கைவிடப்படும்.

2020-இன் ஊரடங்குக்குப் பின் யூடியூப் ஆராதனையே போதும் என்றிருப்பவர்களைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. படுக்கையிலிருக்கும் முதியவருக்கு அது பெரிய உதவி. நடக்கக்கூடியவருக்கு அது சாக்கு.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு, விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகை நல்ல வாய்ப்பு. எனக்குப் பெயர் கிடைத்தது அங்கேதான். படைக்கப்பட்ட வாழைத்தாரையும் தேங்காயையும் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள்; நாற்பது ரூபாய்கூடப் பெறாத ஒரு பரங்கிக்காயை வீம்புக்கு இருநூற்றைம்பது ரூபாய்க்கு நான் கேட்டுவிட, ஏலம் விட்டவர் ரசீதுப் புத்தகத்தைப் பிரித்து, "அண்ணாச்சி, பேரு என்ன எழுதட்டும்?" என்றார்.