ஆற்று டூஃபா: வயது சொல்லும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டூஃபா என்பது ஊற்று, ஓடை நீரிலிருந்து படியும் துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை. போன மாதம் அதை ஆராயும் ஒரு முதுநிலை மாணவர் தன் களக் குறிப்பேட்டை நீட்டினார். இரண்டு பக்கம் புரட்டியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய அதே தப்புகள், அதே வரிசையில். மாதிரிப் பைக்கு எண் போட மறப்பது, ஜிபிஎஸ் குறிக்காமல் வருவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை திட்டு வாங்கினால் தானாகச் சரியாகிவிடும்.

நீர் வற்றித்தான் சுண்ணாம்பு படிகிறது என்று எழுதுவது

பெரும்பாலும் அப்படி இல்லை. வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சால் மண்ணுக்குள் கரியமில வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு இருக்கும். மழைநீர் அதைச் சுமந்துகொண்டு சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து ஊற்றாக வெளியே வருகிறது. வந்ததும், மூடி திறந்த கோலி சோடா மாதிரி, வாயு பிரிந்து போகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு அதற்குமேல் நீரில் தங்க முடியாமல் படிகிறது. அதனால்தான் ஊற்றுக்கண்ணை விட்டுச் சற்றுக் கீழே, நீர் விழுந்து சிதறும் இடத்தில் படிவு தடிக்கிறது. பாசிகளும் நீலப்பச்சை நுண்ணுயிர்களும் ஒளிச்சேர்க்கைக்கு வாயுவை இழுத்துக்கொள்கின்றன, படிவு ஒட்டிக்கொள்ள இடமும் தருகின்றன. குரோஷியாவின் பிளிட்விட்ஸெவில் 16 ஏரிகள் படிக்கட்டுபோல் அடுக்கி நிற்பது இந்த வேலையால்தான்: படிவு அணையாக உயர, பின்னால் நீர் தேங்குகிறது, அது வழிந்து விழும் விளிம்பில் இன்னும் படிகிறது.

டூஃபாவும் டஃப்பும்

பெயரில் குழம்பாதீர்கள்: டஃப் எரிமலைச் சாம்பல் பாறை. அவ்வளவுதான்.

பாமுக்கலே படத்தை முதல் ஸ்லைடில் போடுவது

துருக்கியிலுள்ள அது வெந்நீர் ஊற்று படியவைத்த சுண்ணாம்புப் பாறை, டிராவர்டைன். வேறு கதை.

கார்பன்-14 சொன்ன வயதை அப்படியே நம்புவது

இதைப் பற்றித்தான் எழுத வந்தேன், இன்னும் எரிச்சல் தீரவில்லை.

டேராடூன் பக்கம் ஒரு சிற்றோடை. இன்றைய நீர்மட்டத்துக்கு 12 மீட்டர் மேலே பழைய டூஃபா ஒட்டிக்கொண்டிருந்தது. கார்பன்-14 காலப்போக்கில் தேயும், மிச்சத்தை அளந்து வயது சொல்வார்கள். ஒரு துண்டை உடைத்து அந்த ஆய்வுக்கு அனுப்பினேன், 5,200 வருடம் என்று வந்தது. இமயமலை அடிவாரம், நிலம் உயர்ந்துகொண்டிருக்கும் இடம், கையில் உயரமும் வயதும். வகுக்காமல் இருப்பேனா? வருடத்துக்கு 2.3 மில்லிமீட்டர் மேலெழும்பல் என்று கருத்தரங்கில் பெருமையாகச் சொன்னேன். பின்வரிசையிலிருந்த ஒரு மூத்தவர் கேட்டார்: “தம்பி, ஓடையில இன்னைக்கு வளர்ற டூஃபாவுக்கு என்ன வயசு வருது?”

அதை நான் அனுப்பவே இல்லை. அனுப்பியபோது நேற்றுப் படிந்த பொருளுக்கு 2,300 வருட வயது வந்தது.

காரணம் எளிது. நீரில் கரைந்திருக்கும் கார்பனில் ஒரு பங்கு மண்ணின் வாயுவிலிருந்து வருகிறது; மறு பங்கு கோடிக்கணக்கான வருடப் பழமையான சுண்ணாம்புப் பாறையிலிருந்து. அந்தப் பாறையில் கார்பன்-14 என்றோ தீர்ந்துவிட்டது. படியும்போதே கால் பங்கு குறைவாக இருந்தால் போதும், பிறந்த குழந்தைக்கு 2,300 வயது ஏறிவிடும். அதிலும் ஒரு சிக்கல்: ஓடை கீழே போகப் போகக் காற்றோடு கார்பனை மாற்றிக்கொள்வதால் இந்தப் பொய் வயது குறையும். பிளிட்விட்ஸெவில் இது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே மேலே எடுத்த திருத்தத்தைக் கீழே போட முடியாது. பழைய படிவு எந்த இடத்தில் இருக்கிறதோ, அதற்கு நேர் கீழே வளர்வதை எடுத்து அளக்க வேண்டும். அன்றைய நீரும் இன்றைய நீர் மாதிரியே இருந்தது என்ற அனுமானம் அப்போதும் மிச்சம் இருக்கும்.

சரி, கழித்தால் 2,900, வேகம் 4 மில்லிமீட்டருக்கு மேல் என்று மறுபடி கணக்குப் போட்டேன். அதே மனிதர் என்னோடு களத்துக்கு வந்து, படிவைத் தடவிப் பார்த்து, பாசி தொங்கிய திரைபோல் செங்குத்தாக இறங்கும் அடுக்குகளைக் காட்டினார். அது ஓடை படியவைத்ததே இல்லை, மேலே சரிவில் கசிந்த பக்க ஊற்றின் வேலை. ஆற்றுமட்டத்தில் ஒருநாளும் இருந்திராத பொருளை வைத்து நிலம் உயர்ந்த வேகம் கணக்கிட்டிருக்கிறேன்! ஒரு வருடமும் வாங்கிய நிதியில் பாதியும் போயின.

“அப்போ யுரேனியம்-தோரியம் போதுமே?”

யுரேனியம் சிதைந்து தோரியமாவதை அளந்து வயது சொல்லும் நல்ல முறை, சில லட்சம் வருடம் வரை போகும். ஆனால் படிவுக்குள் களிமண் இருந்தால் அது தன் பங்குக்குத் தோரியத்தைக் கொண்டுவந்து வயதைக் கூட்டும். களிமண்ணோடு வரும் தோரியம்-232 அதிகமாக இருந்தால் அதுதான் எச்சரிக்கை. துளைகள் நிறைந்த பாசி டூஃபாவில் பின்னால் புகுந்த நீர் புதிய கால்சைட்டை (சுண்ணாம்புக் கனிமம்) நிரப்பி வயதைக் குறைக்கும். அடர்த்தியான, மெல்லிய அடுக்குள்ள துண்டாகத் தேடுங்கள். ஒரே அடுக்கிலிருந்து நாலைந்து துண்டு அனுப்புங்கள்.

தடிப்பு என்றால் மழை, விரிசல் என்றால் நிலநடுக்கம்

இரண்டும் அவசரம். மிதமான வெப்பமும் சீரான நீரோட்டமும் டூஃபாவை வளர்க்கும். பெருவெள்ளம் வந்தால் பெயர்த்துக்கொண்டு போகும். ஐரோப்பாவில் பல பள்ளத்தாக்குகளில் பனியுகத்துக்குரிய படிவு மெலிந்தோ இல்லாமலோ இருக்கிறது, ஆகவே இடைவெளியையும் பதிவாகவே படியுங்கள். படிவில் கனமான ஆக்சிஜன்-18க்கும் லேசான ஆக்சிஜன்-16க்கும் உள்ள விகிதம், வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஏறக்குறைய 0.2 பெர் மில் (ஆயிரத்தில் 0.2 பங்கு) குறையும். ஆனால் வெப்பத்தோடு மழைநீரின் விகிதமும் மாறுவதால், பல இடங்களில் ஒன்று மற்றதை அடித்துவிடும்.

விரிசல் விஷயத்தில் சீனாவின் ஜியுசாய்கோவைப் பாருங்கள். 2017 ஆகஸ்ட் 8 நிலநடுக்கத்தில் ஒரு ஏரியின் டூஃபா அணை உடைந்து நீர் வடிந்தது, நுவோரிலாங் அருவியின் ஒரு பகுதியும் சரிந்தது. ஆனால் அடியில் நீர் அரித்தாலும் அணை இப்படித்தான் சரியும். பிளவு கீழேயிருக்கும் பாறைக்குள்ளும் தொடர்கிறதா என்று பார்க்காமல் ‘நிலநடுக்கம்’ என்று எழுதாதீர்கள்.

பாசிமேல் நடப்பது

வேண்டாம். படிவு வளர்வதே அங்கேதான்.